இந்தியாவில் வயதுவந்தோர் தடுப்பூசி: சொல்லும் வரலாறும்

முன்னுரை

தடுப்பூசி என்னும் சொல்லைக் கேட்ட அளவில் கைக்குழந்தையும் அதனை ஏந்தி நிற்கும் தாயுமே இன்று நம் மனக்கண்முன் தோன்றுகின்றனர். ஆரம்பச் சுகாதார நிலையத்தின் சுவரொட்டியும் பள்ளிப் பாடநூலின் படமும் இக்காட்சியையே நிலைநிறுத்தியுள்ளன. வளர்ந்தவர் ஒருவர் ஊசி போட்டுக்கொள்வதென்றால் துருப்பிடித்த ஆணி குத்தியிருக்க வேண்டும், அல்லது நாய் கடித்திருக்க வேண்டும் என்பதே பொதுவான எண்ணம். ஆயின் இந்தியத் தடுப்பூசி வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து நோக்கினால் இவ்வெண்ணம் மிகவும் அண்மைக்காலத்தது என்பது புலனாகும். வாந்திபேதிக்கும் கொள்ளைநோய்க்கும் எதிராக இந்நாட்டில் முதன்முதலாகப் போடப்பட்ட ஊசிகள் பெரும்பாலும் வளர்ந்தோரின் கைகளிலேயே போடப்பட்டன.

குழந்தை தன் விருப்பத்தைச் சொல்வதில்லை. பெற்றோர் தூக்கிவர, அது ஊசியை ஏற்கிறது. வளர்ந்தவரோ தாமே இசைந்து கை நீட்ட வேண்டும். எனவே வயதுவந்தோர் தடுப்பூசியின் வரலாறு மருந்தின் வரலாறாக மட்டும் அமையாமல், இசைவைப் பெற அரசும் மருத்துவரும் கையாண்ட வழிகளின் வரலாறாகவும் அமைகிறது. புனைவு, வற்புறுத்தல், முன்மாதிரி, உண்மையுரைத்தல் என அவ்வழிகளை நான்காகப் பகுக்கலாம். இவற்றுள் எது நிலைத்த பயன் தந்தது என்பதனை ஆராய்வதும், இன்று மருத்துவர்கள் வயதுவாரியாகப் பரிந்துரைக்கும் ஊசிகளை அவ்வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. சொற்கள் காட்டும் நிலை

பெரியம்மைக்கு எதிரான முறையைத் தமிழர் 'அம்மை குத்துதல்' என்றனர்; அதற்குரிய நீர்மத்தை 'அம்மைப்பால்' என்றனர். அம்மை என்பது நோயின் பெயராகவும் தாயின் பெயராகவும் தெய்வத்தின் பெயராகவும் நிற்கும் சொல். நோய் கண்டவரை 'அம்மை வார்த்திருக்கிறது' என்று சொல்வதும், வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவதும், நோய் நீங்கியபின் தலைக்குத் தண்ணீர் விடுவதும் மாரியம்மன் வழிபாட்டோடு பிணைந்தவை. அத்தகைய ஒரு சொல்லோடு 'குத்துதல்' என்னும் வினையைச் சேர்த்தபோது, புதிய மருத்துவச் செயல் பழைய நம்பிக்கையின் எல்லைக்குள்ளேயே பெயர் பெற்றது.

பிற இந்திய மொழிகளோடு ஒப்பிடுகையில் இது தெளிவாகும். மராத்தியில் பெரியம்மைக்குத் 'தேவி' என்பது பெயர்; அம்மை குத்துதலைத் 'தேவி டோச்ணே' என்பர். டோச்ணே என்பதன் பொருளும் குத்துதலே. இந்தியிலும் வங்காளத்திலும் வழங்கும் 'டீகா' என்னும் சொல் நெற்றியில் இடும் பொட்டினை, அதாவது அடையாளத்தைக் குறிப்பது. மலையாளத்தின் 'அச்சுகுத்து' என்பதும் கையில் பதியும் தழும்பை நோக்கிப் பிறந்தது. ஆக, தமிழும் மராத்தியும் தெய்வத்தை நோக்கிப் பெயரிட்டன. இந்தி, வங்காளம், மலையாளம் ஆகியன உடலில் எஞ்சும் அடையாளத்தை நோக்கிப் பெயரிட்டன. ஆங்கிலச் சொல்லாகிய 'வாக்சின்' பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது. ஜென்னரின் நினைவைப் போற்றி, எல்லா நோய்களுக்குமான இத்தகு மருந்துகளுக்கும் அச்சொல்லையே வழங்கலாம் என 1881இல் லூயி பாஸ்டர் முன்மொழிந்தார்.

தமிழில் பின்னர் நிலைபெற்ற 'தடுப்பூசி' என்னும் சொல் தெய்வத்தையோ தழும்பையோ பசுவையோ சுட்டவில்லை. செயலின் பயனைச் சுட்டுகிறது. எந்நோய்க்கும் எவ்வயதினர்க்கும் பொருந்தும் பொதுமை அதற்கு உண்டு. எனினும் வழக்கில் அப்பொதுமை சுருங்கியது. 'முத்தடுப்பு ஊசி', 'இளம்பிள்ளை வாதம்', 'சொட்டு மருந்து' ஆகிய தொடர்கள் குழந்தையோடு இணைந்தே மக்கள் நாவில் பழகின. வளர்ந்தோர்க்கு எனத் தனிப் பெயர் பெற்ற ஊசி தமிழில் அரிது. பெயரில் காணப்படும் இவ்விடைவெளி நடைமுறையிலும் உள்ளமையைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2. டீகாதாரும் அம்மைப்பாலும்

ஜென்னரின் முறை வருவதற்கு முன்பே பெரியம்மைக் கொப்புளத்தின் பொருளையே எடுத்துப் பிறர் உடலில் செலுத்தி, மென்மையான நோயை வருவித்துக் காக்கும் முறை வங்காளத்தில் இருந்தது. இதனைச் செய்வோர் டீகாதார் எனப்பட்டனர். ஜே. இசட். ஹால்வெல் 1767இல் இலண்டன் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிய குறிப்பில் இம்முறையை விரிவாக விளக்கியுள்ளார். முந்தைய ஆண்டின் கொப்புளங்களிலிருந்து எடுத்துப் பாதுகாத்த பொருளைக் கங்கைநீரில் நனைத்துக் கையில் கீறலிட்டு வைத்தனர் என்பதும், உணவுக் கட்டுப்பாடும் வழிபாடும் உடன் நிகழ்ந்தன என்பதும் அக்குறிப்பால் அறியப்படுகின்றன. இம்முறையில் நோய் பிறர்க்குப் பரவும் இடர் இருந்தது. கல்கத்தாவில் 1865இல் சட்டத்தால் இது தடைசெய்யப்பட்டது.

எட்வர்டு ஜென்னர் 1796இல் பசு அம்மையைக் கொண்டு செய்த சோதனையின் விளைவை 1798இல் நூலாக வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில் அம்மருந்து இந்தியாவை எட்டியது. பாக்தாத், பாசுரா வழியாகக் கைக்குக் கை மாற்றி உயிர்ப்புடன் கொண்டுவரப்பட்ட அம்மைப்பால், 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றின் கையில் முதன்முதலாகப் பயன் தந்தது. அக்குழந்தையின் கையிலிருந்து பிறர் கைகளுக்கும், பம்பாயிலிருந்து பிற நகரங்களுக்கும் அது சென்றது.

குளிர்பதன வசதி இல்லாத அக்காலத்தில் ஒருவர் கையில் எழும்பும் கொப்புளமே அடுத்தவர்க்குரிய மருந்துக் கலமாக இருந்தது. எனவே ஒரு சாதியினரின் உடலில் ஊறிய நீர்மம் மற்றொரு சாதியினரின் உடலுக்குள் செல்ல நேர்ந்தது. மக்கள் அஞ்சியதற்கும் மறுத்ததற்கும் இதுவே ஒரு பெருங்காரணம் என்பர். மறுப்பை அறியாமை என்று அன்றைய அலுவலர் பலர் எழுதிவைத்தனர். பழைய முறையில் டீகாதார் ஊரறிந்தவர். அவர் செயலோடு வழிபாடு இணைந்திருந்தது. புதிய முறையில் வந்தவரோ கும்பினி அரசின் ஆள். மறுப்பு எதிர்நோக்கியது மருந்தை மட்டுமன்று, மருந்தைக் கொணர்ந்தவரையும் என்பது இங்கு உளங்கொளத்தக்கது.

3. புனைவின் வழி: எல்லிசும் 'கல்வி விரும்ப'னும்

மக்களின் இசைவைப் பெறச் சென்னை மாகாணத்தில் மேற்கொள்ளப்பட்ட முயற்சி ஒன்று தமிழாய்வாளர் அனைவரும் அறிய வேண்டியது. எஃப். டபிள்யூ. எல்லிசு, திருக்குறள் ஆர்வலராகவும், தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பத்தின என்பதனை 1816இல் வெளிவந்த காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கண நூல் முன்னுரைக் குறிப்பில் நிறுவியவராகவும் நமக்கு அறிமுகமானவர். அவரே அம்மை குத்துதலை மக்களிடம் பரப்பும் நோக்கில் பனுவல் இயற்றியவர் என்பது பரவலாக அறியப்படாத செய்தி. வடமொழியில் அவர் இயற்றிய சிறு செய்யுள் ஒன்று பழந்தாளில் எழுதப்பட்டுப் பழஞ்சுவடி போலக் காட்டப்பட்டது என்ற குறிப்பு 19ஆம் நூற்றாண்டு நூல்களில் இடம்பெற்றுள்ளது. பசுவிடமிருந்து பெற்ற மருந்து தம் மரபுக்குரியதே எனக் கற்றோர் நம்பினால் பிறரும் பின்பற்றுவர் என்பது இதன் உள்நோக்கம்.

1819 ஜனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' என்னும் புனைபெயரில் ஒரு மடல் வெளிவந்தது. தன்வந்திரி பெயரால் வழங்கும் பழைய நூலொன்றில் பசு அம்மைப்பால் குத்தும் முறை கூறப்பட்டுள்ளது என அம்மடல் தெரிவித்தது. அதன்பின் ஜென்னருக்கு முன்பே இந்தியர் இம்முறையை அறிந்திருந்தனர் என்னும் கருத்து நூலுக்கு நூல் எடுத்தாளப்பட்டு நூற்றாண்டுக்கு மேல் நிலவியது. டொமினிக் வுயஸ்டிக் 1987இல் வெளியிட்ட ஆய்வில் இச்சான்றுகளை எல்லிசின் முயற்சியோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்து, அவை நம்பத்தக்கன அல்ல எனக் காட்டினார். மேற்கண்ட மடல் வெளிவந்த இரு திங்களில், 1819 மார்ச்சில், எல்லிசு இராமநாதபுரத்தில் மறைந்தார்.

எல்லிசின் நோக்கம் நன்று. உயிர்களைக் காக்கவே அவர் விரும்பினார். ஆயினும் அவர் கையாண்ட வழி மக்களை அறிவால் இணங்கச் செய்யாமல் பழமையின் பெயரால் இணங்கச் செய்ய முயன்றது. அது மக்களிடம் ஏற்படுத்திய பயனைக் காட்டிலும் ஆய்வுலகில் ஏற்படுத்திய குழப்பமே நெடிது நின்றது. டீகாதாரின் முறை உண்மையாகவே நம் நாட்டில் இருந்தது. அதற்கு வலுவான சான்றுண்டு. இல்லாத ஒன்றைப் புனைந்ததனால் இருந்த ஒன்றின் பெருமையும் மங்கியது.

4. வளர்ந்தோரின் ஊசிகள்: வாந்திபேதியும் கொள்ளைநோயும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறியது. வால்டெமார் ஹாஃப்கின் தாம் உருவாக்கிய வாந்திபேதித் தடுப்பு மருந்தை 1892 ஜூலை 18ஆம் நாள் பாரிசில் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். 1893இல் கல்கத்தா வந்து, வட இந்தியாவிலும் வங்காளத்திலும் பணிபுரிந்தார். 1895க்குள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு ஊசி போடப்பட்டது. இவர்களுள் படைவீரர், தோட்டத் தொழிலாளர், கல்கத்தாவின் குடிசைப்பகுதி மக்கள் எனப் பல திறத்தினர் இருந்தனர். குடிசைப்பகுதிகளில் அவரும் உடன்சென்ற இந்திய மருத்துவர்களும் மக்கள் காணத் தாமே முதலில் ஊசி போட்டுக்கொண்ட பின்னரே பிறரை அழைத்தனர்.

1896இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றியது. அங்குச் சென்ற ஹாஃப்கின் சில திங்களிலேயே அதற்குரிய மருந்தை ஆக்கி, 1897 ஜனவரி 10ஆம் நாள் மீண்டும் தம் உடலில் சோதித்தார். பின்னர் பைகுல்லா சிறையில் முன்வந்தோர்க்குப் போடப்பட்டது. இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் மூன்றாம் ஆகாகான் மக்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொள்ள, அவரைப் பின்பற்றுவோர் அதனை ஏற்றனர். இதே காலத்தில் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் துணைக்கொண்டு வீடுகளுக்குள் புகுந்து சோதனையிடுவதும் நோயரைப் பிரித்துச் செல்வதும் நடைபெற்றன. புனேயில் அந்நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாயிருந்த ராண்டு அவ்வாண்டு ஜூன் 22 அன்று சுடப்பட்டுப் பின்னர் இறந்தார். ஒரே நோய்க்கு எதிராக முன்மாதிரியின் வழியும் வற்புறுத்தலின் வழியும் அருகருகே நின்ற காலம் இது. இவ்விரண்டும் ஈட்டிய விளைவுகள் எத்துணை வேறானவை என்பது வெளிப்படை.

1902 அக்டோபர் 30இல் பஞ்சாபின் மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்குக் கொள்ளைநோய் ஊசி போடப்பட்டது. ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் இரணஜன்னியால் இறந்தனர். ஹாஃப்கின் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டார். புட்டியைத் திறந்தபோது ஊரிலே நேர்ந்த தூய்மைக்கேடே காரணமாதல் கூடும் என்பதும், மருந்து ஆக்கிய இடத்தில் பிழையில்லை என்பதும் பின்னர்த் தெளிவாகி, 1907இல் அவர் குற்றமற்றவர் எனக் கொள்ளப்பட்டார். உண்மை வெளிப்பட ஐந்தாண்டுகள் ஆயின. அவ்வைந்தாண்டுகளில் ஊசியின்பால் மக்கள் கொண்ட ஐயம் பெருகியதை எளிதில் உய்த்துணரலாம். அவர் பணியாற்றிய பரேல் ஆய்வுக்கூடம் 1925இல் அவர் பெயரையே தாங்கியது.

வெறிநாய்க்கடிக்கான ஊசியும் வயது வேறுபாடு பாராதது. கசௌலியில் 1900இலும் குன்னூரில் 1907இலும் பாஸ்டர் நிறுவனங்கள் தோன்றின. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய ஆட்டுமூளை மருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வழக்கிலிருந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என ஊர்ப்பேச்சில் அச்சத்தோடு நினைக்கப்படுவது இதுவே. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பக்கவிளைவுகள் இதற்கு இருந்தமையால், 2004ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் இது கைவிடப்பட்டு, கையில் போடப்படும் பாதுகாப்பான மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன. மருந்து மாறிய பின்னும் அச்சம் மாறவில்லை. இன்றும் நாய்க்கடிக்கு ஊசி போடத் தயங்குவோர் பழைய கதையையே சொல்கின்றனர். வெறிநோய் முற்றியபின் உயிர்பிழைத்தல் அரிதினும் அரிது என்பதால் இத்தயக்கம் உயிரைப் பறிப்பதாகிறது.

5. உண்மையுரைத்தலின் வழி: செங்கற்பட்டுச் சோதனை

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. மருந்தை ஆக்கும் கூடம் 1948இல் கிண்டியில் நிறுவப்பட்டது. நாடு தழுவிய இயக்கமாக அம்மருந்து பரப்பப்பட்டபோது, 1955இல் இராஜாஜி அதனை வெளிப்படையாக எதிர்த்துச் சிறுநூல் வெளியிட்டார். மருந்தின் பயன் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படாத நிலையில் மக்கள்திரளுக்கு அதனைப் போடுதல் தகுமா என்னும் வினா அரசியலரங்கில் எழுந்தது.

இவ்வினாவிற்குரிய விடை தமிழ் மண்ணிலேயே கிடைத்தது. 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் சுற்றுவட்டாரத்தில் உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், உலக சுகாதார நிறுவனம் ஆகியன இதில் பங்கேற்றன. கைக்குழந்தை முதல் முதியோர் வரை இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இதில் இடம்பெற்றனர். ஒரு சாரார்க்கு மருந்தும் மறு சாரார்க்கு வெறும் நீர்மமும் போடப்பட்டன. யார்க்கு எது என்பது போட்டவர்க்கும் தெரியாது. 1979இல் வெளிவந்த முதல் அறிக்கை, வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பயன் தரவில்லை என்றது. 1999இல் வெளியிடப்பட்ட 15 ஆண்டு முடிவும் இதனையே உறுதி செய்தது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் முதலிய கொடிய வடிவங்களைத் தடுப்பதற்காக, பிறந்த குழந்தைக்குப் போடுவது தொடர்ந்தது.

எதிர்பார்த்த பயன் இல்லை என்பதனை உலகறியச் சொன்ன இச்சோதனை, வயதுவந்தோர் தடுப்பூசி வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. எல்லிசின் புனைவு இல்லாத சான்றை உருவாக்கியது. செங்கற்பட்டு மக்களின் கைகளோ, விரும்பத்தகாததாயினும் உண்மையான சான்றை உருவாக்கின. 2024இல் மெலிந்தோர், நீரிழிவு நோயர், முதியோர், நோயருடன் வாழ்வோர் முதலிய வளர்ந்தோர்க்குப் பி.சி.ஜி. போட்டு ஆராயும் முயற்சியைத் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம் இந்தியாவின் பல மாநிலங்களில் தொடங்கியது. அம்முயற்சியின் முடிவை எடைபோடுவதற்கும் செங்கற்பட்டின் அனுபவம் அளவுகோலாக நிற்கும்.

6. வளர்ந்தோர் விடுபட்ட காலம்

1962இல் தொடங்கிய தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் எல்லா வயதினரையும் உள்ளடக்கியது. 1974இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,88,000 பேர் பெரியம்மைக்கு ஆளாயினர். பீகார் பெருந்துன்பம் எய்தியது. நோயர் இருக்குமிடத்தைத் தேடிக் கண்டறிந்து, சுற்றியுள்ளோர்க்கு ஊசி போடும் முறையால் 1975 மே மாதத்துடன் நோய் இந்நாட்டில் முடிவுற்றது. உலகினின்று பெரியம்மை ஒழிந்ததாக 1980 மே 8 அன்று அறிவிக்கப்பட்டது. இறுதிக் கட்டத்தில் சில இடங்களில் மறுத்தவர்களை வலிந்து பிடித்து ஊசி போட்டமையைப் பால் கிரீனோ தம் ஆய்வில் பதிவுசெய்துள்ளார். வெற்றியின் பேரொளியில் இந்நிகழ்வுகள் மறக்கப்பட்டாலும், இசைவு பற்றிய வினா மறையவில்லை.

பெரியம்மை நீங்கியதும் தடுப்பூசித் திட்டத்தின் நோக்கு குழந்தையை நோக்கித் திரும்பியது. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமும், 1985இல் அனைவர்க்குமான தடுப்பூசித் திட்டமும் வந்தன. பின்னதன் பெயரில் 'அனைவர்க்குமான' என்பது இருப்பினும் அது கருதியது குழந்தைகளையும் கர்ப்பிணிகளையுமே. காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி, இளம்பிள்ளை வாதம், தட்டம்மை ஆகிய ஆறு நோய்கள் அன்று இலக்காயின. குறைந்த பொருள்வளத்தில் மிகுதியான உயிர்களைக் காக்க வேண்டிய நாட்டில் இத்தேர்வு முற்றிலும் பொருத்தமானதே. 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கையான போலியோ நோயர் எவரும் இல்லை. 2014 மார்ச்சில் போலியோ அற்ற நாடெனச் சான்று கிடைத்தது. 2015இல் தாய்சேய் இரணஜன்னியும் ஒழிந்ததாக ஏற்கப்பட்டது.

இவ்வெற்றிகளின் மறுபக்கமாக, வளர்ந்தவர் தம்மைத் தடுப்பூசிக்குரியவராகக் கருதும் வழக்கம் ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. விதிவிலக்குகள் சிலவே. ஹஜ் பயணிகளுக்கு மூளைச்சவ்வுக் காய்ச்சல் ஊசி, மஞ்சள் காய்ச்சல் நாடுகளுக்குச் செல்வோர்க்குரிய ஊசி, அசாம், உத்தரப்பிரதேசம், மேற்கு வங்கம் ஆகியவற்றின் குறிப்பிட்ட மாவட்டங்களில் வளர்ந்தோர்க்குப் போடப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி ஆகியன அவை. இந்திய மருத்துவர் சங்கம் 2009இல் வயதுவந்தோர் தடுப்பூசி பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆயின் அவை பெரும்பாலும் மருத்துவர்களின் இதழ்களுக்குள்ளேயே நின்றன.

7. 2021: வரிசை தலைகீழானமை

கொரோனாப் பெருந்தொற்று இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. 2021 ஜனவரி 16இல் சுகாதாரப் பணியாளர்க்கும், மார்ச் 1 முதல் 60 வயது கடந்தோர்க்கும் இணைநோயுடைய 45 வயதினர்க்கும், ஏப்ரலில் 45 கடந்த அனைவர்க்கும், மே மாதத்தில் 18 கடந்தோர்க்கும் ஊசி வழங்கப்பட்டது. சிறார் முறை 2022இல்தான் வந்தது. 2021 அக்டோபர் 21இல் நூறு கோடித் தவணைகளும், 2022 ஜூலை 17இல் இருநூறு கோடித் தவணைகளும் நிறைவுற்றன. முதியோரை முதலில் அழைத்த பெருந்திட்டம் இந்திய வரலாற்றில் இதுவே.

முன்மாதிரியின் வழிக்குள்ள ஆற்றலும் அதன் எல்லையும் தமிழகத்தில் இக்காலத்தே ஒருங்கே வெளிப்பட்டன. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று மக்கள் அறிய ஊசி போட்டுக்கொண்டு பிறரையும் வேண்டினார். மறுநாள் மாரடைப்புற்று, ஏப்ரல் 17 அன்று மறைந்தார். ஊசிக்கும் இறப்பிற்கும் தொடர்பில்லை எனத் தேசியக் குழு அவ்வாண்டு அக்டோபரில் முடிவுரைத்தது. இடைப்பட்ட ஆறு திங்களில் வதந்தி பரவுவதற்குத் தடையேதும் இருக்கவில்லை. மல்கோவாலின் ஐந்தாண்டுத் தாமதம் கற்பித்த பாடமே இது: ஐயம் ஒருநாளில் பிறக்கிறது, விடை காலந்தாழ்த்து வருமாயின் அது ஐயத்தை எட்டிப் பிடிப்பதில்லை.

8. இன்றைய பரிந்துரைகள்: வயது நோக்கில்

மருத்துவ அமைப்புகள் இன்று வளர்ந்தோர்க்குப் பரிந்துரைக்கும் ஊசிகளைப் பருவந்தோறும் பின்வருமாறு தொகுக்கலாம். நாட்டிற்கு நாடு சிறு வேறுபாடுகள் உண்டு. தனியொருவர்க்குரியதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

எல்லா வயதினர்க்கும்: இரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கான ஊசி பத்தாண்டுக்கு ஒருமுறை, அவற்றுள் ஒருமுறை கக்குவான் இருமலுக்கான மருந்தும் சேர்ந்தது. குழந்தைப் பருவத்தில் பெற்ற காப்பு நாளடைவில் தேய்வதே இதற்குக் காரணம். காயம்பட்டால் மட்டும் போடுவது என்னும் வழக்கம் இவ்வுண்மையை மறைத்துவிட்டது.

18 முதல் நாற்பதுகள் வரை: முன்பு போடாதவர்க்கு ஹெபடைட்டிஸ் பி மூன்று தவணை, பொதுவாகத் தொடக்கத்திலும், ஒரு திங்கள் கழித்தும், ஆறாம் திங்களிலும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கும் சின்னம்மைக்கும் காப்பில்லாதவர்க்கு அவற்றின் ஊசிகள். கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி சிறுவயதில் போடுவதே சிறந்தது; விடுபட்டோர் 26 வயதுவரை போடலாம், அதற்குமேல் மருத்துவர் அறிவுரைப்படி.

கர்ப்பக் காலத்தில்: இரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி அரசுத் திட்டத்திலேயே உண்டு. இன்ஃபுளுயன்சா ஊசியும் பரிந்துரைக்கப்படுகிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் கக்குவான் ஊசி போட்டால் தாயின் காப்பு சேயைச் சேர்கிறது. உயிருள்ள கிருமி கொண்ட தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் இக்காலத்தில் தவிர்க்கப்படும். நோயெதிர்ப்பு மிகக் குன்றியவர்க்கும் அவ்வாறே.

50 வயதிற்குப் பின்: அக்கிக்கான ஊசி, இரண்டு முதல் ஆறு திங்கள் இடைவெளியில் இரு தவணை. சிறுவயதில் சின்னம்மையாக வந்த கிருமி நரம்புகளில் உறங்கிக் கிடந்து முதுமையில் அக்கியாக எழுகிறது. மண்பாண்டம் வனைவோர் செங்காவியால் உடலில் உருவெழுதும் 'அக்கி எழுதுதல்' என்னும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலம் இருந்தது. நோய் தந்த எரிச்சலும் அது நீங்கியபின் மாதக்கணக்கில் நின்ற வலியும் எத்துணைப் பரவலானவை என்பதற்கு அவ்வழக்கமே சான்று. இந்நோய்க்கான புதிய ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது.

முதுமையில்: ஆண்டுதோறும் இன்ஃபுளுயன்சா ஊசி. அக்கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் மருந்தும் ஆண்டுதோறும் மாறுகிறது. நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி பொதுவாக 65 வயதிற்குப் பின். அமெரிக்கா 2024இல் இவ்வயதை 50 எனக் குறைத்தது. நீரிழிவு, சிறுநீரகம், இதயம், நுரையீரல் நோயுடையோர் வயதை எதிர்பாராது இவ்விரண்டையும் பெறுதல் நன்று.

இவற்றுள் பெரும்பாலானவை தனியார் மருத்துவமனையில் விலை கொடுத்துப் பெறவேண்டியவையாகவே இருந்து வந்துள்ளன. அக்கி, நிமோகாக்கல் ஊசிகளின் விலை எளிய குடும்பத்தின் மாத வருவாயோடு ஒப்பிடத்தக்கது. எனவே பரிந்துரை என்பது வாங்கும் ஆற்றலுடையோர்க்கு மட்டும் பயன்படும் நிலை உள்ளது. கிண்டியிலும் பரேலிலும் கசௌலியிலும் அரசே மருந்து ஆக்கி மக்களுக்கு வழங்கிய வரலாற்றை நோக்க, இது சிந்திக்கத்தக்கதொரு மாற்றம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு:

• தடுப்பூசி குழந்தைக்குரியது என்னும் எண்ணம் 1978, 1985ஆம் ஆண்டுத் திட்டங்களுக்குப் பின் வேரூன்றியது. அதற்குமுன் வாந்திபேதி, கொள்ளைநோய், வெறிநாய்க்கடி, பெரியம்மை ஆகியவற்றுக்கான ஊசிகள் வளர்ந்தோரையும் முதன்மையாகக் கொண்டிருந்தன.

• 'அம்மை குத்துதல்', 'தேவி டோச்ணே', 'டீகா', 'அச்சுகுத்து' ஆகிய சொற்கள் ஒரே செயலை இந்திய மொழிகள் வெவ்வேறு கோணத்தில் உள்வாங்கியமையைக் காட்டுகின்றன. 'தடுப்பூசி' பொதுமை வாய்ந்ததாயினும் வழக்கில் குழந்தையளவில் சுருங்கியது.

• வளர்ந்தோரின் இசைவைப் பெறக் கையாண்ட வழிகளுள் புனைவு குழப்பத்தையும், வற்புறுத்தல் பகையையும் தந்தன. முன்மாதிரி பயன் தந்தது. எனினும் உடனடியான உண்மை விளக்கம் துணைநில்லாவிடில் அதுவும் தளர்ந்தது.

• செங்கற்பட்டுச் சோதனை, பயனின்மையையும் மறையாது கூறிய நேர்மைக்குச் சான்றாக விளங்குகிறது.

நம் வீடுகளில் முதியோர் எண்ணிக்கை பெருகிவரும் காலம் இது. அவர்களுக்கு எந்த ஊசி, எந்த வயதில், எதற்காக என்பதனைத் தாய்மொழியில் தெளிவாகக் கூறும் எழுத்து இன்னும் போதிய அளவில் தோன்றவில்லை. 1819இல் 'கல்வி விரும்பன்' என்னும் அழகிய தமிழ்ப் பெயர் உண்மையல்லாத ஒன்றிற்குக் கையொப்பமாயிற்று. அப்பெயருக்குத் தகுந்த பணியை, அஃதாவது உள்ளதை உள்ளவாறு எளிய தமிழில் எடுத்துரைக்கும் பணியை, மருத்துவரோடு இணைந்து தமிழாய்வாளரும் மேற்கொள்ளுதல் காலத்தின் தேவையாகும்.